ஷட்டவுன் நாளில் சுற்றும் ட்ரில்

"காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின் விநியோகம் இருக்காது" என்று மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் வெளியிடும் பட்டியலில் இளம்பிள்ளையின் பெயர் வந்துவிட்டால், தறி ஓட்டுகிறவர்களுக்கு அன்று ஓய்வு. தறி மெக்கானிக்குக்கோ அன்றுதான் தலைக்கு மேல் வேலை. ஓடுகிற விசைத்தறியை நடுவில் நிறுத்தச் சொன்னால் எந்த முதலாளியும் லேசில் சம்மதிக்க மாட்டார். அதனால் ஆட்டம் கண்ட போல்ட்டு, ஜக்கார்டு ஸ்டாண்டில் புதிதாகப் போட வேண்டிய ஓட்டை, தளர்ந்துபோன மோட்டார் பெட் எல்லாம் அந்தத் தேதிக்காகக் காத்துக் கிடக்கும். ஆள் இருக்கிறார், நேரம் இருக்கிறது, தறியும் நின்றிருக்கிறது. ட்ரில் மிஷினைச் சொருகுகிற பாயின்ட்டில்தான் கரண்ட் இல்லை.

பேட்டரி ட்ரில்லுக்கு விளம்பரமே தேவைப்படாத ஊர் இது. தறிக்கூடத்துக்குள் ஆள் நடக்கிற சந்தே ஒரு முழம்தான் இருக்கும். அதில் எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்துக்கொண்டு போனால் ஏதாவது ஒரு தறியின் பாவில் மாட்டும். ஜக்கார்டு பெட்டியோ தலைக்கு மேலே, ஏணி போட்டு எட்ட வேண்டிய உயரத்தில். ஒரு கையில் ஏணியைப் பிடித்து, மறு கையில் மிஷினைப் பிடித்து, ஒயரை வாயிலா கவ்வ முடியும்? கடைவீதியில் சேலைக் கடைகளுக்கு ரேக் அடிக்கிற, ஃபால்ஸ் சீலிங் போடுகிற கார்பென்டர்கள் ஏற்கெனவே பேட்டரிக்கு மாறிவிட்டார்கள். இப்போது எல்லோரும் கேட்கிற கேள்வி, எந்த பிராண்டு வாங்குவது, புதிதாக வரப்போவதற்குக் காத்திருக்கலாமா என்பதுதான்.

முதலில் பெட்டியில் போட்டிருக்கும் எண்களைப் பார்ப்போம். ஏமாற்று அங்கேதான் ஆரம்பிக்கிறது.

லித்தியம் அயன் செல் ஒன்றின் சராசரி அழுத்தம் சுமார் 3.6 வோல்ட். ஐந்து செல்லை வரிசையாகக் கோர்த்தால் 18 வோல்ட். முழுசாகச் சார்ஜ் ஏறியவுடன் அளந்தால் அதே ஐந்து செல் 20 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும். டிவால்ட் அமெரிக்காவில் அதை '20 வோல்ட் மேக்ஸ்' என்று விற்கிறது. அதே பேட்டரியை ஐரோப்பாவில் '18 வோல்ட்' என்கிறது. மக்கிட்டாவின் '40 வோல்ட் மேக்ஸ்' உண்மையில் 36. மூன்று செல் போட்ட பேட்டரியை பாஷ் முன்பு 10.8 என்றது, பிறகு 12 என்றது. ஆனால் அதே பாஷ் ஐந்து செல் பேட்டரியை மட்டும் அடக்கமாக 18 என்றே சொல்கிறது. ஒரே கம்பெனியில் இரண்டு கணக்கு. ஆக, டிவால்ட்டின் மஞ்சள் மிஷின் 20, பாஷின் நீல மிஷின் 18, எனவே மஞ்சளுக்கு வலு அதிகம் என்று யாராவது சொன்னால் கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். உள்ளே இருப்பது அதே ஐந்து செல்.

இதெல்லாம் கம்பெனிக்காரர்களின் சில்லறைக் குறும்பு. பெரிய பொய் வேறு இடத்தில் இருக்கிறது. சேலத்தில் ஒரு கடையில் அடுக்கி வைத்திருந்த பெட்டிகளில் '88 விஎஃப்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"அண்ணா, இது எண்பத்தெட்டு வோல்ட்டுங்களா?"

"பெட்டில அப்படித்தாங்க போட்டிருக்கு. ஓடறது இருபத்தொண்ணுங்க."

கடைக்காரர் நேர்மையானவர். 48, 88, 128 என்று சீனத்து மலிவு மிஷின்களில் வருகிற இந்த 'விஎஃப்' எண்களுக்கும் வோல்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை. பேட்டரியைத் திருப்பினால், அடியில் பொடி எழுத்தில் 21 வோல்ட் என்று இருக்கும். அதுவும் முழுச் சார்ஜில் அளந்த ஐந்து செல் கணக்குதான். அத்தனையும் மட்டம் என்று சொல்ல மாட்டேன். மூவாயிரம், நாலாயிரம் ரூபாயில் வீட்டுக்கு ஒரு திரை மாட்ட, கதவுத் தாழ்ப்பாள் போட அது போதும். தினமும் எட்டு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு அது கட்டாது.

ஒரு பேட்டரியில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பதை அறிய வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்க வேண்டும். 18 வோல்ட், 2 ஆம்பியர் மணி என்றால் 36 வாட் மணி. 5 ஆம்பியர் மணி என்றால் 90. பிளைவுட்டில் ஒரு ஸ்க்ரூ ஏற்ற 300 வாட்டில் மூன்று விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 90 வாட் மணியில் முந்நூறுக்கு மேல் ஸ்க்ரூ ஏறும். அதாவது கார்பென்டருக்கு அரை நாள் வேலை. அதே பேட்டரியை கிரைண்டரில் மாட்டி, 900 வாட் இழுக்கிற மாதிரி ஆங்கிளை அறுத்தால் ஆறு நிமிடத்தில் காலி. நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறைகளில் கிரைண்டர் இன்னும் ஒயரோடு இருப்பதற்குக் காரணம் பழமை மோகம் இல்லை, இந்தக் கணக்குதான். நாள் முழுக்கத் தகடு தேய்க்கிற இடத்தில் பேட்டரி கிரைண்டரைத் திணிக்கிற விற்பனையாளரை நம்ப வேண்டாம். வண்டியோடு வெளியூர் போய் ஒரு வெட்டு, இரண்டு வெட்டு போடுகிறவருக்கு அது சரி.

சேலம், நாமக்கல் சமவெளியில் எல்லோருக்கும் பொருந்துகிற ஒரே மிஷின் என்று எதுவும் இல்லை. இளம்பிள்ளையில் தறி, சங்ககிரியில் லாரி, திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக், நாமக்கல்லில் பாடி பில்டிங். ஒவ்வொரு தொழிலுக்கும் கை வேறு.

லாரிக்காரர்கள் கேட்பது இம்பாக்ட் ரென்ச். இங்கே வோல்ட்டுக்குப் பதிலாக முறுக்குவிசை எண் வந்து நிற்கும், நியூட்டன் மீட்டர் கணக்கில். இதிலும் இரண்டு எண் உண்டு. ஒன்று நட்டை இறுக்குகிற விசை. இன்னொன்று இறுகிய நட்டைப் பெயர்க்கிற விசை. பாஷின் ஜிடிஎஸ் 18வி-1050 ஹெச் மிஷினுக்கு இறுக்குவது 1,050, பெயர்ப்பது 1,700. மக்கிட்டாவின் டிடிடபிள்யூ 1001-க்கும் அதே 1,050, அதே 1,700. டிவால்ட்டின் டிசிஎஃப் 899-க்கு 950, 1,625. மூன்று கம்பெனியும் மேல்தட்டு மிஷினில் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. ஆனால் ஒரு பெட்டியில் சின்ன எண்ணும் பக்கத்துப் பெட்டியில் பெரிய எண்ணும் போட்டிருந்தால், வாங்குகிறவர் இறுக்கும் விசையையும் பெயர்க்கும் விசையையும் ஒப்பிட்டு ஏமாந்து நிற்பார். கனரக லாரிச் சக்கர நட்டை இறுக்குவதற்கே 600, 700 நியூட்டன் மீட்டர் தேவைப்படும். மழையிலும் மண்ணிலும் கிடந்து துருவேறிய நட்டு அதற்கும் மேலே கேட்கும். 'விஎஃப்' பெட்டியில் எவ்வளவு போட்டிருந்தாலும் அதை வைத்து லாரிச் சக்கரத்தைக் கழற்றலாம் என்று கிளம்ப வேண்டாம். பங்க்சர் கடையில் கம்ப்ரசர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதென்றால் காற்றில் ஓடும் கன்னே லாபம். அதற்குப் பேட்டரி செத்துப்போகும் கவலை கிடையாது. நடுரோட்டில் டயர் மாற்றுகிற வண்டிக்குத்தான் பேட்டரி ரென்ச் உண்மையான வரம்.

பிராண்டுகளுக்கிடையே மிஷினில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால், வித்தியாசம் எங்கே? பேட்டரியின் வாயில். பொதுவாக ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொரு கம்பெனி மிஷினில் மாட்டாது. முதல் ட்ரில் வாங்கும்போதே அடுத்து வாங்கப்போகும் ரென்ச், புளோயர், கட்டர் எல்லாவற்றுக்கும் கை நீட்டிவிட்டீர்கள். சம்பந்தம் பேசுகிற மாதிரிதான், மாப்பிள்ளையை மட்டும் பார்த்தால் போதாது. மக்கிட்டா 2005-இல் கொண்டுவந்த 18 வோல்ட் லித்தியம் வரிசையை இன்றும் விடவில்லை, நூற்றுக்கணக்கான மிஷின்கள் அதில் ஓடுகின்றன. அதற்காக அவர்களைப் பாராட்டலாம். ஆனால் பின்னர் வந்த 40 வோல்ட் வரிசை தனிக் குடித்தனம். அந்தப் பேட்டரி 18 வோல்ட் மிஷினில் ஏறாது. டிவால்ட் 2016-இல் அறிவித்த ஃபிளெக்ஸ்வோல்ட் வேறு வழியில் போனது. பெரிய மிஷினில் மாட்டினால் 60, பழைய மிஷினில் மாட்டினால் 20 என்று பேட்டரியே மாறிக்கொள்ளும். ஹிட்டாச்சி கோக்கி என்று நாம் அறிந்த, 2018-இல் பிராண்டின் பெயரை ஹைகோக்கி என்று மாற்றிய கம்பெனியின் மல்டி வோல்ட் பேட்டரியும் 36, 18 இரண்டிலும் ஓடும். பழைய மிஷினைத் தூக்கிப் போட வைக்காத இந்த வழிதான் எனக்குப் பிடித்தது. பாஷில் ஒரு எச்சரிக்கை: தொழில்காரர்களுக்கான நீல மிஷினின் 18 வோல்ட் பேட்டரியும் வீட்டு உபயோகத்துக்கான பச்சை மிஷினின் 18 வோல்ட் பேட்டரியும் ஒன்றுக்கொன்று சேராது. பெயர் ஒன்று என்று தள்ளுபடியில் பச்சையை வாங்கி வந்து நீலத்தில் சொருகிப் பார்த்து விழிப்பதில் பயனில்லை.

ரேலி வுல்ஃப், கேபிடி போன்ற இந்தியப் பெயர்கள் நம் பட்டறைகளுக்குப் பழக்கமானவைதான். ஆனால் அந்தப் பழக்கம் ஒயர் மிஷினில் வந்தது. பேட்டரியில் சந்தையின் மேல்தட்டை ஜப்பானும் ஜெர்மனியும் அமெரிக்காவும் பிடித்திருக்கின்றன. நடுத்தட்டில் இங்கோ, டோட்டல் மாதிரியான சீனப் பெயர்கள் வேகமாக ஏறி வருகின்றன.

பேட்டரி மிஷின் ஒன்றும் புது வித்தை அல்ல. பிளாக் அண்ட் டெக்கர் 1961-லேயே ஒயரில்லாத ட்ரில்லை விற்றது. 1971-இல் அப்பல்லோ 15 நிலவுக்குக் கொண்டுபோன பேட்டரி ட்ரில்லைச் செய்ததிலும் அந்தக் கம்பெனிக்குப் பங்கு உண்டு. நிலவில் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் போட்ட குழாய் உள்ளேயே பிடித்துக்கொள்ள, டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் தோள் கொடுத்து முக்கித் தூக்க வேண்டியிருந்தது. ராடு மாட்டிக்கொண்டால் என்ன பாடு என்று திருச்செங்கோட்டு ரிக் ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்றைய பேட்டரிகள் கனம் அதிகம், சரக்கு குறைவு. 2005-இல் மில்வாக்கி 28 வோல்ட் லித்தியம் மிஷின்களைக் கொண்டுவந்த பிறகுதான் ஒயருக்கு உண்மையான போட்டி பிறந்தது.

இனி வரப்போவது என்ன? மிஷினில் பெரிதாக ஒன்றுமில்லை, செல்லில்தான் எல்லாம். இன்றைய செல் என்பது நீளமான உலோகத் தாளைச் சுருட்டி டப்பாவில் அடைத்தது. உள்ளே இருக்கிற மின்சாரம் முழுக்க ஒரு சின்ன உலோகப் பட்டை வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அவசரமாக இழுத்தால் அந்த இடம் சுடும். சுருளின் முழு விளிம்பையுமே இணைப்பாக்கிவிட்டால் சூடு குறையும், இழுப்பும் கூடும். டெஸ்லா 2020-இல் காருக்காக அறிவித்த இந்தப் பட்டையில்லாச் செல் இப்போது மிஷின் பேட்டரிக்குள் வந்துவிட்டது. பாஷின் ப்ரோகோர் பிளஸ் 8 ஆம்பியர் மணி பேட்டரி அந்த வகை. டிவால்ட் 2021-இல் பவர்ஸ்டாக் என்று தட்டையான பை வடிவச் செல்லைக் கொண்டுவந்தது. அதே கொள்ளளவுக்கு அளவு சிறியது, பிடிக்க லேசு. ஏணி மேல் நின்று ஜக்கார்டுக்கு ஓட்டை போடுகிறவருக்கு அந்தக் கனக் குறைவு சாயங்காலம் தோளில் தெரியும்.

இந்தப் புதுச் செல்லை நம் ஊர் வெயிலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சேலத்தில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும். கிரைண்டரில் ஓடிச் சூடேறிய பேட்டரியை அப்படியே சார்ஜரில் வைத்தால் நல்ல சார்ஜர் மறுத்துவிடும். சூடு ஆறட்டும் என்று விளக்கு மின்னும். மக்கிட்டாவின் டிசி18ஆர்சி சார்ஜரில் பேட்டரிக்குள் காற்று ஊதவே ஒரு ஃபேன் இருக்கிறது. மலிவு சார்ஜருக்கு இந்தப் புத்தி கிடையாது, கொடுத்ததை ஏற்றிக்கொண்டே இருக்கும். பைக் டிக்கியில், வெயிலில் நிற்கிற லாரி கேபினில் பேட்டரியைப் போட்டு வைப்பது அதன் ஆயுளைத் தின்கிற இன்னொரு பழக்கம். பட்டையில்லாச் செல்லால் குளிர் நாட்டுக்காரரை விட நமக்குத்தான் லாபம் அதிகம் என்று நினைக்கிறேன். விலை இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

தறிக்கூடத்துக்கென்று ஒரு வார்த்தை. அங்கே கண்ணுக்குத் தெரியாமல் பஞ்சுத்தூசி பறந்துகொண்டே இருக்கும். கார்பன் பிரஷ் வைத்த மோட்டாரின் காற்றோட்ட ஓட்டை வழியே உற்றுப் பார்த்தால் நீலப் பொறி தெரியும். பிரஷ்லெஸ் மோட்டாரில் அந்தப் பொறி இல்லை. கார்பன் தேய்ந்து மாற்றுகிற வேலையும் இல்லை, அதே பேட்டரியில் கூடுதல் நேரமும் ஓடும். விலை கூடுதல்தான். ஆனால் தூசி நடுவே வேலை செய்கிறவர் இந்த இடத்தில் கஞ்சத்தனம் பிடிக்கக் கூடாது. ட்ரில்லோடு அதே பேட்டரியில் ஓடுகிற ஒரு சின்ன புளோயரையும் வாங்கினால் தறியைத் துடைக்கிற நேரம் குறையும்.

கடையில் பேட்டரியைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள். ஐஎஸ் 16046 என்ற எண்ணும், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் அச்சிட்டிருக்க வேண்டும். இந்தியாவில் விற்கிற லித்தியம் பேட்டரிக்கு இது கட்டாயம். இல்லாவிட்டால் விலை எவ்வளவு இறங்கினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம், சர்வீஸ் சென்டர் சேலத்தில் உண்டா, தனியாகப் பேட்டரி வாங்கினால் என்ன விலை என்று பில் போடுமுன் கேளுங்கள். இரண்டு பேட்டரியோடு வருகிற நல்ல 18 வோல்ட் செட்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ஆகும். அதில் பெரும்பங்கு பேட்டரியின் விலை என்பது மூன்றாம் வருடம் ஒன்று செத்துப்போகும்போது புரியும். அப்போது செல் மாற்றித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் கவனமாக இருங்கள். அளவு ஒன்றாக இருந்தாலும் டார்ச் லைட்டுக்கான செல் ட்ரில் இழுக்கிற இழுப்பைத் தாங்காது, தீப்பிடிக்கவும் கூடும். செத்த பேட்டரியைக் குப்பையில் போட வேண்டியதும் இல்லை. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அதைத் திரும்பச் சேகரிக்கிற பொறுப்பு தயாரித்தவருடையது.

காத்திருக்கலாமா என்ற கேள்விக்கு: கார்பென்டரும் தறி மெக்கானிக்கும் காத்திருக்க வேண்டாம், இன்றைய 18 வோல்ட் பிரஷ்லெஸ் ட்ரில்லே அவர்கள் வேலைக்குத் தாராளம். புதுச் செல் வரும்போது அதே வாயில் மாட்டுகிற பேட்டரியை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். கிரைண்டரை ஒயரிலிருந்து பிரிக்க ஆசைப்படுகிற பாடி பட்டறைக்காரர் இன்னும் ஓரிரு வருடம் பொறுக்கலாம்.