உங்களுக்குத் தெரியுமா? பீலித் தண்ணீரும் பிரதேச சபையும்

ஹட்டன் நகரில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் நகரவாசி முறையிட அலுவலகம் உண்டு. பக்கத்துத் தோட்டத்து லயத்தில் நிலைமை வேறு. மலை ஊற்றிலிருந்து குழாய்வழி இறங்கும் நீரே பல இடங்களில் பீலிக்கு வருகிறது; மழை பெய்தால் கலங்கும், வெயில் காலத்தில் நூலாய் இளைக்கும். விடியலில் குடங்கள் வரிசை கட்டும், கொழுந்துக்குப் போகும் நேரம் நெருங்கிக்கொண்டிருக்கும்.

பிரதேச சபை என்ன செய்தது? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு குறுக்கே நின்றது. தோட்டத்து மக்கள் சபைக்கு வாக்களித்தார்கள். சபையாலோ தன் நிதியைத் தோட்டத்துக்குள் தாராளமாகச் செலவிட முடியவில்லை. முப்பது ஆண்டுகள் நீடித்த அநீதி இது.

2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலில், நுவரெலியா, அம்பகமுவ என்றிருந்த இரண்டு பெரிய சபைகள் ஆறாயின: நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட்.

உங்கள் தோட்டத்துப் பீலிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் சபை எவ்வளவு ஒதுக்கியது? எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரதேச சபைகளுக்கும் பொருந்தும். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.