கரையில் நிற்பவர்களுக்கும் வகுப்பு உண்டு

பள்ளி விடுமுறை விட்டதும் எந்த ஊர் நீச்சல் குளத்துக்குப் போனாலும், கம்பி வேலியை ஒட்டிப் பெற்றோர் நிற்பதைப் பார்க்கலாம். கையில் துண்டு, தண்ணீர் பாட்டில், போன். உள்ளே மாஸ்டர் பிள்ளைகளைக் குளத்தின் விளிம்பில் உட்காரவைத்துக் காலடிக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். வெளியிலிருந்து குரல் வரும்: “முட்டியை மடக்காதடா!”, “தலையை உள்ள விடு, பயப்படாத!” மாஸ்டரைப் பார்ப்பதா, அம்மாவைப் பார்ப்பதா என்று தெரியாமல் பிள்ளை தண்ணீரைக் குடித்துவிடும்.

முன்பு இந்தக் குழப்பம் கிடையாது. கிராமத்தில் நீச்சல் சொல்லிக்கொடுத்தவர் மாமா, சித்தப்பா, அல்லது அண்ணன். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்குவார். அவரும் கூடவே இறங்குவார். பிள்ளைக்கு எதில் பயம், எப்போது மூச்சு வாங்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இன்று அந்த ஒரு ஆளின் வேலை இரண்டு பேரிடம் பிரிந்துவிட்டது. நீரைத் தெரிந்தவர் உள்ளே, பிள்ளையைத் தெரிந்தவர் வெளியே. இருவரும் பேசிக்கொள்வதோ கட்டணம் கட்டும் அன்று மட்டும்தான். நம் நீச்சல் வகுப்புகளின் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் முகாமில், கூட்டத்தை வகுத்துப் பார்த்தால், ஒரு பிள்ளைக்கு மாஸ்டரின் கை கிடைப்பது தினமும் சில நிமிடங்கள். மீதி வேலை வீட்டில்தான் நடந்தாக வேண்டும். அதற்குக் குளம் தேவையில்லை. நீச்சலில் முதல் தடையே மூச்சு. தரையில் மூக்கால் இழுத்து மூக்கால் விடுகிறோம். நீரிலோ வாயால் இழுத்து, முகம் உள்ளே இருக்கும்போதே விட்டுவிட வேண்டும். தம் கட்டிக்கொண்டு போகும் பிள்ளை, மேலே வந்ததும் விடவும் இழுக்கவும் சேர்த்துத் தவிக்கும். குளியலறையில் ஒரு அகலமான பாத்திரத்தில் முகம் வைத்துக் குமிழி விடப் பழக்கினாலே பாதி பயம் போய்விடும். பக்கத்தில் பெரியவர் இருக்க வேண்டும். முடிந்ததும் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட வேண்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் அரை வாளி தண்ணீரே ஆபத்து.

வீடு கெடுப்பதும் உண்டு. “சேட்டை பண்ணினா மாஸ்டர்கிட்ட சொல்லி ஆழத்துல தள்ளிவிடச் சொல்வேன்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாள் அந்தப் பிள்ளை படியை விட்டு இறங்காது. இன்னொன்று, கையில் மாட்டும் காற்றுப்பை. மாஸ்டர் ஒரு வாரம் பாடுபட்டு உடலைப் படுக்கைவாட்டில் மிதக்கப் பழக்கியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை ரிசார்ட்டில் அப்பா காற்றுப்பையை மாட்டிவிடுவார். அது உடலை நிமிர்த்தி நிறுத்தும். நிமிர்ந்து நிற்கும் உடல்தான் சீக்கிரம் மூழ்கும். திங்கட்கிழமை பாடம் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

வலிப்பு, ஆஸ்துமா, காதில் சீழ் போன்றவற்றைச் சொன்னால் சேர்க்க மாட்டார்களோ என்று சிலர் மறைக்கிறார்கள். தரையில் வரும் வலிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். தண்ணீரில் வந்தால் உயிரே போகலாம். மாஸ்டரிடம் முதலில் சொல்ல வேண்டியதே இதுதான்.

மாஸ்டர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. “நீச்சல் வந்துருச்சா சார்?” என்ற கேள்விக்கு “வந்துருச்சு” என்று ஒற்றை வார்த்தையில் முடிக்கக் கூடாது. நான்கடி ஆழத்தில் குறுக்காகப் போய்விடுகிறான், மல்லாந்து மிதக்க இன்னும் வரவில்லை, கால் எட்டாத இடத்தில் பதறுகிறான் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அந்த ஒற்றை வார்த்தையை நம்பித்தான் அடுத்த வாரம் ஊரில் கிணற்றுக்கும் கல்குவாரிக் குட்டைக்கும் பிள்ளையைத் தனியாக அனுப்புகிறார்கள். இந்தியாவில் ஆண்டுக்கு 30,000 பேருக்கு மேல் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோல் கத்துவதில்லை. வாய் நீருக்கு மேலே வரும் அந்த நொடி மூச்சிழுக்கவே போதாது. கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். சின்னப் பிள்ளை அரை நிமிடத்துக்குள் அடங்கிவிடலாம். கரையில் இருப்பவர் போனில் ஒரு ரீல்ஸ் பார்த்து முடிக்கும் நேரம் அது.

வீட்டையும் ஆசிரியரையும் சேர்த்து யோசித்த நாடு பங்களாதேஷ். அங்கே வீட்டுக்கு வீடு குளம் உள்ள கிராமங்கள் அதிகம். காலை 9 மணி முதல் மதியம் 1 மணி வரை, அம்மாக்கள் வீட்டு வேலையில் மூழ்கியிருக்கும் நேரத்தில்தான் சின்னக் குழந்தைகள் அதிகம் இறக்கிறார்கள் என்று கண்டறிந்தார்கள். அந்த நேரத்துக்கு, ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்காக ‘ஆஞ்சல்’ என்ற காப்பகங்களை ஊருக்குள்ளேயே திறந்தார்கள். நான்கு வயது முதல் பன்னிரண்டு வரை உள்ளவர்களுக்கு ‘ஸ்விம்சேஃப்’ வகுப்பு. ஊர்க் குளத்தில் மூங்கில் மேடை கட்டி, உள்ளூர்க்காரருக்கே பயிற்சி கொடுத்து ஆசிரியராக்கினார்கள். 25 மீட்டர் நீந்துவது, 30 விநாடி மிதப்பது, கரையில் இருந்தபடியே இன்னொருவரை மீட்பது, இந்த மூன்றும் வந்தால்தான் தேர்ச்சி. 2006 முதல் 2010 வரை நடந்த ஆய்வில், இப்படிக் கற்ற பிள்ளைகள் மூழ்கி இறப்பது 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது.

நம் முகாம்களில் விட்டுப்போவது மூன்றாவதாகச் சொன்ன அந்த மீட்புப் பாடம்தான். அதன் அருமையை 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரையில் மூன்று பெண்கள் காட்டினார்கள். நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கியபோது, உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இருவரை இழுத்துக் கரை சேர்த்தார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பெண்களுக்குத் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது.

கோடை முகாமின் கடைசி நாளில் சான்றிதழ், பதக்கம், போட்டோ எல்லாம் இருக்கட்டும். அதற்கு முன் அரை மணி நேரம் வேலிக்கு வெளியே நிற்பவர்களை உள்ளே அழைக்க வேண்டும். நீந்தத் தெரியாத அம்மாவையும் தாத்தாவையும் குளத்தின் விளிம்பில் குப்புறப் படுக்கவைத்து, துண்டின் ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டு மறுமுனையை வீசச் சொல்ல வேண்டும். நீருக்குள் இருந்து தங்கள் பிள்ளையைத் தாங்களே இழுத்துப் பழகட்டும். நின்றபடி இழுத்தால் நாமும் உள்ளே விழுவோம் என்பதை மாஸ்டர் அங்கேயே செய்து காட்டலாம்.