பாதி அரசாங்கம் கொடுக்கும், மீதிப் பாதிக்கு ஊர் எங்கே போகும்?

தீ டவுன் என்றும் தோட்டம் என்றும் வித்தியாசம் பார்ப்பதில்லை. ஆனால் தீயை அணைக்க வரும் வண்டிக்கு அந்த வித்தியாசம் உண்டு. டவுனில் மணியடித்துக்கொண்டு வந்து நிற்கும் பொம்பா வண்டி, மண் ரோட்டில் பல மைல் உள்ளே வந்து சேர்வதற்குள் லயத்தில் என்ன மிஞ்சும் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பலகைச் சுவரும் நீளக் கூரையும் உள்ள லயத்தில் ஒரு வீட்டில் பிடித்த தீ ஒரு வீட்டோடு போவதில்லை.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. பணக்கார நாடென்று பேர் வாங்கிய அமெரிக்காவிலும் நாட்டுப்புறத்தில் இதே கதைதான். அதற்கு அவர்கள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அந்த வழியில் நல்லது என்ன, ஓட்டை என்ன என்று இன்று பார்ப்போம்.

சம்பளமில்லாத படை

அமெரிக்காவில் தீயணைப்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்குகிறவர்கள் அல்லர். 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கே ஊர்களிலிருந்த தீயணைப்பு வீரர்கள் 1,041,200 பேர். அவர்களில் 676,900 பேர், அதாவது நூற்றுக்கு 65 பேர், தொண்டர்கள். விவசாயி, லாரி டிரைவர், கடைக்காரர், பள்ளி ஆசிரியர் என்று எல்லாரும் இதில் இருப்பார்கள். தகவல் வந்ததும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள்.

இது பழைய வழக்கம். 1736-இல் பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் பிராங்கிளின் தம் நண்பர்களோடு ஒரு தீயணைப்புச் சங்கத்தை அமைத்தார். தண்ணீர் எடுக்கத் தோல் வாளிகளும், எரிகிற வீட்டிலிருந்து சாமான்களை அள்ளிவரப் பைகளும் ஒவ்வோர் உறுப்பினரும் சொந்தச் செலவில் வாங்கி வைக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி.

ஆனால் வாளியோடு போன காலம் வேறு, இன்றைய காலம் வேறு. ஒரு தொண்டருக்குத் தீ தாங்கும் சட்டையும் காற்சட்டையும் வாங்கவே இன்று ஏறக்குறைய 3,000 டாலர் வேண்டும். புகைக்குள் மூச்சுவிட உதவும் காற்றுச் சிலிண்டருக்கு அதைவிட அதிகம். ஒரு புதிய தீயணைப்பு லாரி 5 லட்சம் டாலரைத் தாண்டிவிடுகிறது. ஐந்நூறு, அறுநூறு பேர் உள்ள ஓர் ஊர் இதற்கெல்லாம் எங்கே போகும்?

சரிபாதித் திட்டம்

இங்கேதான் அரசாங்கம் வருகிறது. 1972-இல் நாட்டுப்புற வளர்ச்சிச் சட்டத்தின் வழியாக முதல் அடி எடுத்து வைத்தார்கள். 1978-இல் வந்த காடு வளர்ப்பு உதவிச் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. மக்கள் தொகை 10,000-க்கு மேற்போகாத ஊர்களின் தொண்டர் படைகளுக்கு மத்திய வன இலாகா, மாநில வன இலாகாக்கள் வழியாகப் பணம் கொடுக்கும். தண்ணீர்க் குழாய், பம்பு, வாக்கி டாக்கி, பாதுகாப்பு உடை, பயிற்சி இவற்றுக்கு அந்தப் பணம் உதவும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. செலவில் பாதிதான் அரசாங்கத்தினுடையது. மீதிப் பாதியை ஊர் போட வேண்டும்.

அந்தப் பாதியை எப்படித் திரட்டுகிறார்கள் தெரியுமா? நாம் கோயில் திருவிழாவுக்குத் திரட்டுகிற மாதிரிதான்! ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பம் சுட்டு விற்கிறார்கள். மீன் பொரித்து விருந்து வைக்கிறார்கள். அதிர்ஷ்டச் சீட்டு விற்கிறார்கள். தொண்டர்கள் நாற்சந்தியில் நின்று, தீயணைக்கும்போது போடும் பெரிய பூட்ஸையே உண்டியலாக நீட்டுவதும் உண்டு. போகிற வருகிற கார்க்காரர்கள் அதில் காசு போடுகிறார்கள்.

காசைத் தவிர இன்னொரு வழியும் இருக்கிறது. பட்டாளம் கழித்த பழைய லாரிகளை வன இலாகா வாங்கி, மாநிலங்கள் வழியாக ஊர்களுக்குக் கொடுக்கிறது. ஊரில் வெல்டிங் தெரிந்தவர்கள் அதில் தண்ணீர்த் தொட்டியும் பம்பும் பொருத்தித் தீயணைப்பு வண்டியாக்கிவிடுகிறார்கள்.

ஊரார் தாமும் காசு போட்டு வாங்கிய பொருளை யாரும் துருப்பிடிக்க விடமாட்டார்கள். சரிபாதித் திட்டத்தின் நல்ல பக்கம் அதுதான்.

ஓட்டை எங்கே?

கெட்ட பக்கமும் இருக்கிறது. பாதி போட வசதியுள்ள ஊருக்குத்தான் பாதி கிடைக்கும். வசதியே இல்லாத ஊருக்கு? பாதியும் இல்லை, மீதியும் இல்லை. எந்த ஊருக்கு உதவி அதிகம் தேவையோ அந்த ஊர் வாசலிலேயே நின்றுவிடுகிறது. பல இடங்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. முதலில் ஊர் முழுப் பணத்தையும் கட்டிச் சாமானை வாங்க வேண்டும். ரசீதைக் காட்டிய பிறகுதான் அரசாங்கப் பங்கு கைக்கு வரும். கையில் காசில்லாதவன் முன்பணத்துக்கு யாரிடம் போவான்?

இதற்கு மாற்றும் கண்டிருக்கிறார்கள். சில மாநிலங்களில் தொண்டர்கள் உழைத்த நேரத்தையே ஊரின் பங்காகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். 2001-இல் மத்திய அரசாங்கம் தொடங்கிய இன்னொரு மானியத்தில், 20,000 பேருக்கு மேற்படாத ஊர் நூற்றுக்கு ஐந்து போட்டால் போதும். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரம் நூற்றுக்குப் பதினைந்து போட வேண்டும். பெரிய தோளுக்குப் பெரிய சுமை, சின்னத் தோளுக்குச் சின்னச் சுமை. இது நியாயம்.

கணக்குப் பார்ப்போம். பதினைந்து பேருக்கு உடை வாங்க 45,000 டாலர். சரிபாதி என்றால் ஊர் 22,500 திரட்ட வேண்டும். நூற்றுக்கு ஐந்து என்றால் 2,000-க்குச் சற்று மேல் போதும். அப்பம் சுட்டு விற்று எந்தத் தொகையைத் திரட்ட முடியும் என்று நீங்களே சொல்லுங்கள்!

டெக்சஸ் மாநிலம் 2001-இல் தனிச் சட்டமே போட்டது. இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் பணம் வசூலித்து, நாட்டுப்புறத் தொண்டர் படைகளுக்கு வண்டியும் உடையும் வாங்க உதவுகிறது. அப்படியும் போதவில்லை. 2024 பிப்ரவரியில் அந்த மாநிலத்தின் வடபகுதியில் மூண்ட காட்டுத்தீ 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. அந்த மாநில வரலாற்றிலேயே அதுதான் பெரிய தீ. பிறகு விசாரித்த சட்டமன்றக் குழு, முன்வரிசையில் நின்று போராடும் தொண்டர் படைகளுக்குப் பணம் மிகவும் பற்றாக்குறை என்று அந்த ஆண்டு மே மாதம் எழுதி வைத்தது. ஆள் இருந்தும் தளவாடம் இல்லையென்றால் என்ன செய்வது?

ஆளும் இப்போது குறைகிறது. 1984-இல் 897,750 தொண்டர்கள் இருந்தார்கள். 2020 கணக்கை மேலே பார்த்தோம். பிழைப்பு தேடி இளைஞர்கள் ஊரைவிட்டுப் போவது அங்கேயும் உண்டு.

நமக்கு என்ன பாடம்?

நம் நாட்டிலும் பொம்பா இலாகாவின் கீழ் தொண்டர் படைகள் இருக்கின்றன. பொம்பா சுகரேலா என்று கேட்டால் பக்கத்து நிலையத்தில் விவரம் சொல்வார்கள். தோட்டத்து இளைஞர்கள் நாலு பேர் சேர்ந்து போய்க் கேட்டால் காசா பணமா?

தீயணைப்புக்கு மட்டும் அல்ல, பள்ளிக்கோ, கோயிலுக்கோ, மண்டபத்துக்கோ யாராவது “நீங்கள் பாதி போடுங்கள், நாங்கள் பாதி தருகிறோம்” என்று வந்தால் நாம் கையைத் தட்டிவிட்டு நின்றுவிடக் கூடாது. மூன்று கேள்வி கேட்க வேண்டும். நம் பங்கு எவ்வளவு? நம் உழைப்பும் அதில் சேருமா? பணம் சாமான் வாங்குமுன் வருமா, வாங்கிய பிறகா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வோம்.

இன்னொன்று. இன்றிரவே உங்கள் லயத்தில் தண்ணீர்ப் பீலி எங்கே இருக்கிறது, வாளி எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். 999 என்ற எண்ணைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். மானியம் வரும்போது வரட்டும். அதுவரை தீ காத்திருக்காது.