பிளேட்டோ (கணினிவழிக் கற்பித்தல் முறைமை)

பிளேட்டோ என்பது ஐக்கிய அமெரிக்காவின் இலினொய் பல்கலைக்கழகத்தில் 1960 ஆம் ஆண்டு முதல் உருவாக்கப்பட்ட ஒரு கணினிவழிக் கற்பித்தல் முறைமை ஆகும். இன்று மின்வழிக் கற்றல் என அழைக்கப்படும் துறையின் முன்னோடியாக இது கருதப்படுகிறது. "தானியங்கிக் கற்பித்தல் செயற்பாடுகளுக்கான நிரலாக்கத் தருக்கம்" எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைக் கொண்டு இப்பெயர் அமைந்தது. கிரேக்க மெய்யியலாளர் பிளேட்டோவின் பெயரையும் இது நினைவூட்டுகிறது.

தரமான கற்பித்தலைக் குறைந்த செலவில் பலருக்கும் வழங்குவதே இம்முறைமையின் நோக்கம். அந்நோக்கம் முழுமையாக நிறைவேறவில்லை. எனினும் அதற்காகப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட தட்டைத் திரை, தொடுதிரை, இணைய அரட்டை, கலந்துரையாடல் பலகை போன்றவை பின்னாளில் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தவற்றின் முன்வடிவங்களாக அமைந்தன.

தோற்றம்

1950களின் இறுதியில் கணினிகள் பெரும்பாலும் அறிவியல், படைத்துறைக் கணக்கீடுகளுக்கே பயன்பட்டன. அவற்றைக் கற்பித்தலுக்கும் பயன்படுத்தலாம் என்ற கருத்தை இலினொய் பல்கலைக்கழக இயற்பியலாளர் சால்மர்சு செர்வின் முன்வைத்தார். அப்பணியை இளம் மின்பொறியியலாளரான டொனால்டு பிட்சர் ஏற்றுக்கொண்டார். பல்கலைக்கழகத்திலேயே கட்டப்பட்டிருந்த இலியாக் கணினியில் முதல் பிளேட்டோ 1960 இல் இயங்கியது.

வளர்ச்சிப் படிநிலைகள்

- பிளேட்டோ 1 (1960): ஒரே ஒரு மாணவர் மட்டும் பயன்படுத்தக்கூடியது. தொலைக்காட்சிப் பெட்டியே திரையாகப் பயன்பட்டது.
- பிளேட்டோ 2 (1961): இரு மாணவர்கள் ஒரே நேரத்தில் கற்கலாம். ஒரு கணினியின் நேரத்தைப் பலர் பகிர்ந்துகொள்ளும் முறைக்கு இது ஒரு தொடக்ககால எடுத்துக்காட்டு.
- பிளேட்டோ 3 (1960களின் நடுப்பகுதி): கண்ட்ரோல் டேட்டா நிறுவனத்தின் 1604 வகைக் கணினியில் இயங்கியது. 20 முனையங்கள் வரை இணைக்கப்பட்டன.
- பிளேட்டோ 4 (1972): தொலைபேசி இணைப்புகள் வழியாகப் பிற கல்லூரிகளும் பள்ளிகளும் இணைந்தன. 1970களில் முனையங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஆயிரத்தை எட்டியது.

முனையத்தின் அமைப்பு

அக்காலத் தொலைக்காட்சித் திரையில் ஒரு படம் நிலைத்து நிற்க வேண்டுமெனில், அதனை நொடிக்குப் பல முறை மீண்டும் மீண்டும் வரைய வேண்டும். அதற்குப் படம் முழுவதையும் வைத்திருக்கும் நினைவகம் தேவை. அன்று நினைவகம் மிகுந்த விலையுடையது. எனவே ஒவ்வொரு மாணவருக்கும் அத்தகைய திரையை வழங்குதல் இயலாததாக இருந்தது.

இச்சிக்கலுக்குத் தீர்வாக பிட்சர், சீன் சுலோட்டோ, ராபர்ட் வில்சன் ஆகியோர் 1964 இல் பிளாசுமா திரையைக் கண்டுபிடித்தனர். கண்ணாடித் தகடுகளுக்கு இடையே அடைக்கப்பட்ட நியான் வளிமம் மின்னழுத்தத்தால் செம்மஞ்சள் நிறத்தில் ஒளிரும். ஒருமுறை ஒளிரத் தொடங்கிய புள்ளி, அணைக்கும் வரை ஒளிர்ந்துகொண்டே இருக்கும். அதாவது திரையே நினைவகமாகவும் செயற்படுகிறது. பிளேட்டோ 4 முனையத்தின் திரையில் 512 × 512 புள்ளிகள் இருந்தன. திரையின் மீது 16 × 16 கட்டங்களாக அமைந்த அகச்சிவப்புக் கதிர்கள், விரல் தொட்ட இடத்தைக் கணினிக்குத் தெரிவித்தன.

தியூட்டர் மொழி

தொடக்கத்தில் பாடம் உருவாக்க நிரலாக்க வல்லுநர்களின் உதவி தேவைப்பட்டது. 1967 இல் உயிரியல் மாணவரான பால் டென்சார், ஆசிரியர்களே பாடம் எழுதுவதற்கு ஏற்ற தியூட்டர் என்னும் நிரல் மொழியை வடிவமைத்தார்.

மாணவரின் விடையை மதிப்பிடுவதே இம்மொழியின் சிறப்பு. விடையை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடாமல், தேவையற்ற சொற்களைப் புறக்கணிக்கவும், ஒரே பொருளுடைய சொற்களை ஏற்கவும், எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டவும் அதனால் இயன்றது. கணக்கு விடைகளில், வடிவத்தில் வேறுபட்டாலும் மதிப்பில் சமமான கோவைகளைச் சரியென ஏற்கவும் முடிந்தது.

வேதியியல், இயற்பியல், மொழிகள், தொடக்கக் கணிதம் எனப் பல துறைகளில் பாடங்கள் எழுதப்பட்டன. எடுத்துக்காட்டாக, மரபியல் பாடம் ஒன்றில் மாணவர் பழ ஈக்களைத் திரையிலேயே கலப்புச் செய்து, பிறக்கும் ஈக்களின் பண்புகளைக் கொண்டு மரபு விதிகளைத் தாமே உய்த்துணரலாம். ஆய்வுக்கூடத்தில் பல வாரங்கள் எடுக்கும் சோதனை இங்கு ஒரு வகுப்பு நேரத்தில் முடிந்தது.

பயனர் சமூகம்

ஆசிரியர்கள் மட்டுமன்றி மாணவர்களும் நிரல் எழுத அனுமதிக்கப்பட்டனர். 1973 இல் டேவிட் வூல்லி என்னும் பதின்ம வயது மாணவர், முறைமையின் குறைகளைப் பயனர்கள் தெரிவிப்பதற்காக ஒரு நிரலை எழுதினார். பிளேட்டோ நோட்சு எனப்பட்ட இது விரைவில் பொதுக் கலந்துரையாடல் பலகையாக வளர்ந்தது. அதே ஆண்டில் டக் பிரவுன் தொடங்கிய டாக்கோமாட்டிக், பலர் தட்டச்சு செய்வதை எழுத்தெழுத்தாக உடனுக்குடன் காட்டிய அரட்டை நிரல் ஆகும். பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளும் இவ்வாறே தோன்றின. பிளேட்டோவைப் பயன்படுத்திய மாணவர்களுள் ஒருவரான ரே ஓசி, பின்னாளில் லோட்டசு நோட்சு மென்பொருளை உருவாக்கினார். இவற்றுள் பெரும்பாலானவை முறைமையின் தொடக்கத் திட்டத்தில் இடம்பெறாதவை என்பது குறிப்பிடத்தக்கது.

மதிப்பீடு

1970களில் சமுதாயக் கல்லூரிகளில் பிளேட்டோ பயன்படுத்தப்பட்டதை எஜுகேசனல் டெசுட்டிங் சர்வீசு என்னும் அமைப்பு ஆராய்ந்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் இதனை விரும்பினர் என்றாலும், மாணவர்களின் தேர்ச்சியில் சீரான முன்னேற்றம் காணப்படவில்லை என அது கண்டறிந்தது.

செலவும் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. கணினியையும் முனையங்களையும் பேணுவதோடு, பாடம் எழுதுவதற்கும் பெரும் உழைப்பு தேவைப்பட்டது. ஒரு மணி நேரம் கற்பதற்குரிய நல்ல பாடத்தை எழுத அதைப் போலப் பல மடங்கு நேரம் ஆகும். கருவிகளின் விலை குறைந்தாலும் இவ்வுழைப்பு குறைவதில்லை. இன்றைய மின்வழிக் கற்றலிலும் இச்சிக்கல் தொடர்கிறது.

வணிகமயமாக்கலும் முடிவும்

1976 இல் கண்ட்ரோல் டேட்டா நிறுவனம் பிளேட்டோவை வணிக முறையில் விற்கும் உரிமையைப் பெற்றது. அதன் தலைவர் வில்லியம் நோரிசு இதில் பெருமளவு முதலீடு செய்தார். ஆனால் பெருங்கணினியைச் சார்ந்த முறைமையை வாங்கப் பெரும்பாலான பள்ளிகளுக்கு வசதி இருக்கவில்லை. அதே காலத்தில் மலிவான தனி மேசைக் கணினிகள் சந்தைக்கு வந்தன. 1980களின் இறுதியில் நிறுவனம் இத்தொழிலைப் படிப்படியாகக் கைவிட்டது.

கண்ட்ரோல் டேட்டா வகையைச் சேர்ந்த கடைசிப் பிளேட்டோ முறைமை 2006 இல் நிறுத்தப்பட்டது. பழைய பாடங்களையும் விளையாட்டுகளையும் இணையம் வழியே இயக்கிப் பார்க்கும் வகையில், ஆர்வலர்கள் சைபர்1 என்னும் பெயரில் அம்முறைமையை மீட்டமைத்துள்ளனர். பிளாசுமா திரையைக் கண்டுபிடித்தமைக்காக அதனை உருவாக்கிய மூவருக்கும் 2002 இல் எம்மி தொழில்நுட்ப விருது வழங்கப்பட்டது. கற்பித்தலுக்காக உருவான அத்திரை, அதற்குள் தொலைக்காட்சிப் பெட்டிகளில் இடம்பிடித்திருந்தது.