பழைய பூங்காவும் பலவீனமான இதயமும்: எதில் ஏறலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?

கோடை விடுமுறை தொடங்கியதும் வெளிநோயாளர் பிரிவில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: "டாக்டர், பேரப்பிள்ளைகள் பூங்காவுக்குக் கூப்பிடுகிறார்கள். நான் போகலாமா?"

சில ஆண்டுகளுக்கு முன்பு, இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்ட ஒருவர் இதே கேள்வியைக் கேட்டார். அன்று கூட்டம் மிகுதி. "தவிர்ப்பது நல்லது" என்று ஒரே வரியில் விடையளித்துவிட்டேன். நான் மனத்தில் கொண்டது ரோலர் கோஸ்டர் போன்ற வேக விளையாட்டுகளை மட்டுமே. அவரோ, பூங்காவுக்கே போகக்கூடாது என்று புரிந்துகொண்டார். அடுத்த இரண்டு கோடைகளிலும் குடும்பத்தார் வெளியூர் சென்றபோது அவர் வீட்டிலேயே தங்கினார். அவரைத் தனியே விட மனமின்றி அவருடைய மனைவியும் தங்கிவிட்டார். அந்த அம்மையார் பின்னொரு நாள் சொன்ன பிறகே என் ஒற்றை வரி செய்த வேலை எனக்குத் தெரிந்தது.

இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் அன்றே தந்திருக்க வேண்டிய விடை.

ஒரு சிறிய, பழைய பூங்கா

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், எலிஸ்பர்க் என்னும் சிற்றூரை அடுத்த காட்டுப் பள்ளத்தாக்கில் கனோபல்ஸ் என்ற கேளிக்கைப் பூங்கா உள்ளது. 1926ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் திறக்கப்பட்டது. உறவினர்களுடன் ஒரு கோடையில் அங்குச் சென்றிருந்தேன். உடன் வந்தவர்களுள் என் அத்தையும் ஒருவர். அவருக்கு வயது 68. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் பொருத்தி ஏழு மாதங்கள் ஆகியிருந்தன.

இப்பூங்காவில் நுழைவுக் கட்டணம் இல்லை. வாகனம் நிறுத்தவும் கட்டணம் இல்லை. எதில் ஏறுகிறோமோ அதற்கு மட்டும் சீட்டுக் கொடுத்தால் போதும். எதிலும் ஏறாதவர் மர நிழலில் அமர்ந்து, ஓடையைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளுக்குக் கையசைத்துக்கொண்டு ஒரு நாளைக் கழிக்கலாம். "இவ்வளவு பணம் கட்டிவிட்டோமே, ஏதாவது ஒன்றிலாவது ஏறுங்கள்" என்று எவரும் வற்புறுத்த அங்கே இடமில்லை. நோயாளியை உடன் அழைத்துச் செல்லும் குடும்பத்துக்கு இது சிறிய வசதியன்று.

பூங்காவின் பெருமை அதன் மர ரோலர் கோஸ்டர்கள். அவற்றுள் புகழ்பெற்றது 'ஃபீனிக்ஸ்'. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோ நகரப் பூங்கா ஒன்றில் 1947இல் 'ராக்கெட்' என்ற பெயரில் இது கட்டப்பட்டது. 1980இல் அந்தப் பூங்கா மூடப்பட்டது. பின்னர் இதனைப் பிரித்து, பென்சில்வேனியாவுக்குக் கொண்டுவந்து, மீண்டும் பொருத்தி 1985இல் ஓடவிட்டனர். உயரம் ஏறத்தாழ 24 மீட்டர். வேகம் மணிக்கு ஏறத்தாழ 72 கிலோமீட்டர். இன்றைய பெரும் ரோலர் கோஸ்டர்களின் உயரத்தோடு ஒப்பிட்டால் இது சிறுபிள்ளை.

அத்தையும் அவ்வாறே எண்ணினார். "இது சின்னதுதானே? மரத்தில் செய்த பழைய வண்டிதானே? இதில் ஏறினால் என்ன?" என்று கேட்டார். நோயாளிகள் செய்யக்கூடிய இரண்டாவது தவறு இது. முதல் தவறு பூங்காவையே ஒதுக்குவது. இரண்டாவது, சிறியதும் பழையதும் மென்மையாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுவது.

ரோலர் கோஸ்டர் எவ்வாறு ஓடுகிறது?

ஃபீனிக்ஸ் போன்ற ரோலர் கோஸ்டரின் வண்டியில் எஞ்சின் கிடையாது. முதல் மேட்டின் உச்சி வரை ஒரு சங்கிலி அதை இழுத்துச் செல்கிறது. வண்டி பின்னோக்கிச் சரியாமல் இருக்க, அதன் அடியிலுள்ள கொக்கி ஒன்று பல்சட்டத்தில் ஒவ்வொரு பல்லாகத் தாண்டிச் செல்கிறது. ஏறும்போது நாம் கேட்கும் 'கடகட' ஒலி அதுவே. உச்சியைக் கடந்தபின் வண்டியை இயக்குவது புவியீர்ப்பு ஒன்றுதான்.

மேட்டின் முகட்டை வேகமாகக் கடக்கும்போது வண்டி கீழே வளைகிறது. நம் உடலோ மேல்நோக்கியே செல்ல முயல்கிறது. அதனால் இருக்கையை விட்டு எழும்புகிறோம். பள்ளத்தின் அடியில் இதற்கு நேர்மாறாக உடல் கனத்து இருக்கையில் அழுந்துகிறது. ஃபீனிக்ஸில் மடிமேல் வரும் தடுப்புக் கம்பி உடலை இறுகப் பிடிப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு முகட்டிலும் பயணி உண்மையாகவே எழும்பி அமர்கிறார். மரச் சட்டங்கள் சற்றே அசைந்து கொடுப்பவை. அந்த அதிர்வு கழுத்துக்கும் முதுகுக்கும் வந்து சேரும். உயரம் குறைவு என்பதால் குலுக்கலும் குறைவு என்று கொள்ள இயலாது.

இதயத்தில் என்ன நிகழ்கிறது?

ஃபீனிக்ஸில் நான் மட்டும் ஏறினேன். வண்டி புறப்பட்டவுடன் நீண்ட, இருண்ட சுரங்கம் ஒன்றில் நுழைகிறது. அதற்கு அப்பால்தான் ஏற்றம். நிலையத்தில் அமர்ந்திருந்தபோது என் கைக்கடிகாரம் காட்டிய நாடித்துடிப்பு 76. சுரங்கத்தைக் கடந்து, மெதுவாக மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது 118. ஒரு சரிவில்கூட வண்டி இன்னும் இறங்கியிருக்கவில்லை.

காரணம் எளிது. அச்சத்தை எதிர்பார்த்த உடனேயே உடல் அட்ரினலின் என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. துடிப்பு விரைகிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது, இதயத் தசைக்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படுகிறது. ஜெர்மனியில் மருத்துவர்கள் 55 நலமான தன்னார்வலர்களை ஒரு பெரிய ரோலர் கோஸ்டரில் ஏற்றி, இதயத் துடிப்பைப் பதிவு செய்தனர். உச்சத் துடிப்பு சராசரியாக நிமிடத்துக்கு 150ஐத் தாண்டியது. நடைப்பயிற்சியில் துடிப்பு படிப்படியாக உயரும், களைத்தால் நின்றுகொள்ளலாம். ரோலர் கோஸ்டரில் அது நொடிகளில் உயர்கிறது. நடுவழியில் இறங்கவும் இயலாது.

நலமான இதயம் இதைத் தாங்கிக்கொள்ளும். குழாய்களில் அடைப்புள்ள இதயத்துக்குத் தேவையான இரத்தம் கிடைக்காமல் மார்வலி வரலாம். துடிப்பின் ஒழுங்கு குலையும் இயல்புடையவர்களுக்கு அது ஆபத்தாகவும் முடியலாம்.

ரோலர் கோஸ்டரில் ஏறக்கூடாதவர்கள்

பின்வரும் நிலையில் உள்ளோர், வண்டி சிறியதாயினும் பெரியதாயினும், தம் மருத்துவர் தெளிவாக அனுமதித்தாலன்றி ஏறக்கூடாது.

• அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள், நடக்கும்போது மார்வலி அல்லது மூச்சுத்திணறல் உள்ளவர்கள்.
• கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவர்கள்.
• இதயத் தசைத் தடிப்பு நோய், பரம்பரையாக வரும் துடிப்புக் கோளாறுகள், பெருநாடி வீக்கம் ஆகியவை உள்ளவர்கள்.
• இதய அறுவை சிகிச்சை முடிந்து மார்பெலும்பு இன்னும் முழுமையாகக் கூடாதவர்கள்.
• பேஸ்மேக்கர் அண்மையில் பொருத்தப்பட்டவர்கள். புதிய வகை ரோலர் கோஸ்டர்கள் சிலவற்றில் வலுவான காந்தங்கள் பயன்படுவதால், பழைய பேஸ்மேக்கர் உள்ளவர்களும் முன்னதாகக் கேட்டறிவது நன்று.
• இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்கள். தலை குலுங்குவதால் மூளையைச் சுற்றி இரத்தம் கசிவது அரிது, எனினும் நேர்ந்ததுண்டு. இம்மருந்தில் இருப்பவர்களுக்கு அது எளிதில் நிற்காது.
• கருவுற்ற பெண்கள், கழுத்து அல்லது முதுகெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், அண்மையில் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்.

இங்கே ஒரு செய்தியைத் தெளிவுபடுத்த வேண்டும். ரோலர் கோஸ்டரில் ஏறினால் சிறுநீரகக் கல் வெளியேறிவிடும் என்று கைப்பேசிகளில் ஒரு தகவல் உலவுகிறது. 2016இல் அமெரிக்க மருத்துவர்கள் இருவர் அப்படியோர் ஆய்வை வெளியிட்டது உண்மையே. ஆனால் அவர்கள் வண்டியில் ஏற்றியது நோயாளிகளை அல்ல. சிலிகோனில் செய்த சிறுநீரக மாதிரியை. பின் இருக்கையில் வைத்தபோது ஏறத்தாழ 64 விழுக்காடும், முன் இருக்கையில் ஏறத்தாழ 17 விழுக்காடும் கற்கள் இடம்பெயர்ந்தன. இதை நம்பி இதயநோயாளர் எவரும் வண்டியேற வேண்டாம். எங்கே அமர்கிறோம் என்பதைப் பொறுத்து உடல் படும் பாடு பெரிதும் மாறும் என்பதை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் எதில் ஏறலாம்?

கனோபல்ஸில் 1913இல் செய்யப்பட்ட குடைராட்டினம் ஒன்று இன்றும் சுழல்கிறது. மரக்குதிரைமேல் அமர்ந்து செல்வோர், சுற்றும்போதே கைநீட்டி ஒரு கருவியிலிருந்து வளையங்களை உருவ வேண்டும். பித்தளை வளையம் கிடைத்தவருக்கு அடுத்த சுற்று இலவசம். காட்டினூடே செல்லும் சிறு இரயிலும் அங்கு உண்டு.

அத்தையிடம் ஃபீனிக்ஸ் வேண்டாம் என்று சொன்னபோது அவர் முகம் வாடியது உண்மை. "இனி எனக்கு இதெல்லாம் இல்லை என்று சொல்" என்றார். இல்லை; இப்போதைக்கு அந்த ஒன்று இல்லை, மற்றவை உண்டு என்று விளக்கினேன். குடைராட்டினத்தில் ஆடாத இருக்கை ஒன்றில் அமர்ந்து மூன்று சுற்று வந்தார். இரயிலில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு சென்றார். அவருக்குப் பித்தளை வளையம் கிடைக்கவில்லை. பேரனுக்குக் கிடைத்தது, அந்த இலவசச் சுற்றை அவன் பாட்டிக்கே கொடுத்தான்.

நோய் கட்டுக்குள் இருந்து, இரண்டு மாடி ஏறினாலும் மார்வலியோ மூச்சுத்திணறலோ வராதவர்களுள் பெரும்பாலோர் மெதுவாகச் சுழலும் ராட்டினம், சிறு இரயில், படகு ஆகியவற்றில் அச்சமின்றி அமரலாம். உயரம் என்றாலே நடுங்குபவர்கள் ராட்சத ராட்டினத்தைத் தவிர்ப்பது நல்லது. அச்சமும் இதயத்துக்கு ஒரு சுமையே.

உடன் செல்வோர் கவனத்திற்கு

• வெளியூர் செல்லும் நாளிலும் மருந்துகளை வேளை தவறாமல் கொடுங்கள். மருந்துச் சீட்டின் படத்தைக் கைப்பேசியில் வைத்திருங்கள்.
• உச்சி வெயிலில் வரிசையில் நிற்க வைக்காதீர்கள். விளையாட்டைவிடக் காத்திருப்பே பல நேரங்களில் நோயாளியைத் தளர்த்துகிறது. எவ்வளவு தண்ணீர் அருந்தலாம் என்ற கட்டுப்பாடு இருப்பின் அதைப் பின்பற்றுங்கள்.
• மார்பில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம் ஆகியவை தோன்றினால் உடனே அமர வையுங்கள். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை பரிந்துரைக்கப்பட்டிருந்தால் அமர்ந்த நிலையிலேயே கொடுங்கள். தாமதியாமல் 108ஐ அழையுங்கள்.
• குலுங்கும் விளையாட்டில் ஏறிய சில நாள்களிலோ வாரங்களிலோ தொடர்ந்து தலைவலி, வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம் தோன்றினால், பூங்காவுக்குச் சென்றதையும் மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

"போகலாமா?" என்று கேட்டால் மருத்துவரும் "வேண்டாம்" என்று சொல்லிவிடுவது எளிது. அதற்குப் பதிலாக, "இந்தப் பூங்காவுக்குச் செல்கிறோம். இவற்றுள் நான் எவற்றில் ஏறலாம், எவற்றில் ஏறக்கூடாது?" என்று கேளுங்கள். விளையாட்டுகளின் படங்களைக் கைப்பேசியில் காட்டுங்கள். அதற்குச் சில நிமிடங்களே ஆகும். இப்போது நான் மருந்துச் சீட்டின் அடியில் இரண்டு வரிகளும் எழுதித் தருகிறேன்: ஒன்றில் கூடாதவை, மற்றொன்றில் கூடியவை. இரண்டாவது வரி இல்லாமல் எந்த மருத்துவராவது சீட்டைத் தந்தால், அதையும் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.