அடைபட்ட பாதைக்கு ஒரு லூப் லைன்

செடிக்குள் புதிய மரபணுவைச் சேர்க்க ஒரு வாகனம் வேண்டும். அக்ரோபாக்டீரியம் என்னும் மண்வாழ் நுண்ணுயிர் இயற்கையாகவே தன் மரபணுத் துண்டைச் செடிக்குள் செலுத்தவல்லது. 1983-ல் விஞ்ஞானிகள் அதையே வாகனமாக்கினர். பின்னர் அம்முறை மீது காப்புரிமைகள் குவிந்தன. ஏழை உழவனுக்கென ஒரு பொது ஆய்வுக்கூடம் நல்ல விதை உருவாக்கினாலும், உரிமையாளர் அனுமதியின்றி அதை வெளியிடுவது சிக்கலாயிற்று.

மெயின் லைன் அடைபட்டால் லூப் லைனில் வண்டியை விடுவது எங்கள் ரயில்வே வழக்கம். ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட் ஜெஃபர்சன் நிறுவிய கேம்பியா அமைப்பும் அதையே செய்தது. முதலில் காப்புரிமைப் பத்திரங்களை ஆராய்ந்து, எது அடைபட்டது, எது திறந்திருக்கிறது என்று பார்த்தார்கள். பிறகு பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் குடும்ப நுண்ணுயிர்களை எடுத்து, மரபணுவைக் கடத்தும் பிளாஸ்மிட் வளையத்தை அவற்றுள் புகுத்தினார்கள். புகையிலை, நெல், அரபிடாப்சிஸ் என்ற சோதனைச் செடி மூன்றிலும் பலித்தது. 2005-ல் ‘நேச்சர்’ இதழில் முடிவுகள் வெளியாயின.

பழைய முறையைவிட இதன் திறன் குறைவுதான். ஆனால் உரிமத்தில் அவர்கள் வைத்த நிபந்தனையைக் கவனியுங்கள்: இம்முறையை மேம்படுத்துகிறவர், அந்த மேம்பாட்டை மற்ற உரிமதாரர்களுக்கும் தரவேண்டும். காப்புரிமைச் சட்டத்தை மீறாமலே அறிவைப் பொதுவில் வைக்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.