நெய்தலின் மணமும் அம்பாவின் தாளமும்

ஒரு காட்சியைக் கண், செவி, மூக்கு, நா, மெய் என்னும் ஐம்புலன்களுக்கும் எட்டும்படி சொல்லால் எழுப்புவது புலன்வழிப் படிமம் எனப்படும். கடலும் கடல் சார்ந்த இடமுமான நெய்தல் திணையைப் பாடிய சங்கப் புலவர்கள், அதன் உரிப்பொருளாகிய இரங்கலை, அதாவது பிரிந்தவரை எண்ணி வருந்துதலை, வெறும் சொல்லாக நிறுத்தாமல், மீன் உலரும் மணலின் புலால் நாற்றத்தையும் அதனோடு கலக்கும் புன்னைப்பூ மணத்தையும் அருகருகே வைத்து உணர்த்தினார்கள். ஐங்குறுநூற்றின் நெய்தல் பகுதியைப் பாடிய அம்மூவனார் இதில் தனியிடம் பெறுபவர். உப்பளங்களும் மீன்வாடிகளும் கொண்ட புத்தளம் மாவட்டக் கரையோரத்தாருக்கு அந்த மணத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை.

அக்கரையின் உடப்பு ஊரில் கரைவலை இழுப்போர் பாடிவந்த அம்பா, அதாவது வேலையின் சீருக்கு இசைந்த மீனவர் பாட்டு, செவியும் மெய்யும் ஒன்றாகும் படிமத்துக்கு அரிய சான்றாகும். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் ஒரே குரலில் அதை ஏற்று, குதிகாலை ஈரமணலில் ஊன்றிப் பின்னோக்கிச் சாய்ந்து இழுக்கும்போது, பாட்டின் தாளம் உடலின் எடையிலிருந்தே பிறக்கிறது. ஏட்டுக் கவிதை சொல்லால் உண்டாக்க முயலும் கயிற்றின் சொரசொரப்பை அங்கே பாடுபவரின் உள்ளங்கையே அறிந்திருக்கிறது.